போனில் ஓடும் வீடியோ டிவியில் வரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

"போன்ல ஓடுது, டிவில வரல" என்று சொல்லிக்கொண்டு டிவியைத் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ போவதற்கு முன் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்த முறைப்பாட்டில் டிவி உண்மையிலேயே பழுதாகியிருப்பது குறைவு. போனும் டிவியும் வேறு வேறு வைஃபையில் இருப்பது, வீட்டுக்கு வரும் சிக்னல் போதாமல் இருப்பது, கரண்ட் போய் வந்ததில் டிவியின் நேரம் மாறிவிடுவது ஆகிய மூன்றும்தான் திரும்பத் திரும்ப வருபவை. மூன்றையும் பெரும்பாலும் காசில்லாமல் சரிசெய்யலாம்.

முதலில் நீங்கள் அழுத்துவது எந்தப் பொத்தான் என்று பாருங்கள். யூடியூப் போன்ற ஆப்பின் உள்ளேயே, சிறு செவ்வகத்தின் மூலையில் மூன்று வளைகோடுகளோடு இருப்பது காஸ்ட். அதை அழுத்தினால் வீடியோவை டிவியே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். போன் வெறும் ரிமோட். போனின் மேல்திரையைக் கீழே இழுத்தால் வரும் ஸ்மார்ட் வியூ, ஸ்கிரீன் மிரரிங், வயர்லெஸ் புரொஜெக்ஷன் எல்லாம் மிரர். போன் திரையில் தெரிவது அப்படியே டிவிக்குப் போகும். பெரும்பாலான ஆண்ட்ரொய்ட் போன்கள் இதை மிராகாஸ்ட் என்ற முறையில் நேரே டிவிக்கு அனுப்பும், ரவுட்டரோ இணையமோ தேவையில்லை. இரண்டுக்கும் கோளாறு வேறு, தீர்வும் வேறு. கீழே காஸ்ட் என்றால் காஸ்ட், மிரர் என்றால் மிரர்.

அடுத்தது, எல்லாவற்றையும் முறையாக ஒருதரம் நிறுத்திப் போடுவது. ரிமோட்டில் ஓஃப் செய்தால் டிவி தூங்கத்தான் செய்யும். சுவரிலேயே பிளக்கைக் கழற்றி ஒரு நிமிடம் விடுங்கள். ரவுட்டரையும் 30 விநாடி நிறுத்தி, திரும்பப் போட்டு, இணைய விளக்கு நிலையாக எரியும்வரை இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். பிறகு டிவி. கடைசியில் போனில் ஃபிளைட் மோடைப் போட்டு எடுங்கள். இதைச் செய்யாமல் கீழே போக வேண்டாம்.

## டிவியின் பெயரே போனில் வரவில்லை

### காஸ்ட் பொத்தான் இல்லை, அல்லது அழுத்தினால் பட்டியல் காலி

வேறு வைஃபை. டிவியின் செட்டிங்ஸில் நெட்வேர்க் பகுதிக்குப் போய் வைஃபை பெயரை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். போனிலும் அதே பெயர் இருக்க வேண்டும். சோதிக்கும் நேரம் போனின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிடுங்கள். வைஃபை பலவீனமானால் போன் சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும், மேலே வைஃபை அடையாளம் மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. பக்கத்து வீட்டு ரவுட்டரின் பாஸ்வேர்டை எப்போதோ வாங்கிப் போட்டிருப்பார்கள். சொந்த ரவுட்டர் மறுஅறையில், பக்கத்து வீட்டு ரவுட்டர் சுவருக்கு அந்தப் பக்கம். போன் கிட்டே உள்ளதைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பெயரைத் தொட்டு "ஃபர்கெட்" கொடுத்துவிடுங்கள்.

ரவுட்டர் இரண்டு பெயர் காட்டி ஒன்றின் முடிவில் 5ஜி என்று இருந்தால், அது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. மொபைல் 5ஜிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விலை குறைந்த டிவிகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டுமே தெரியும். ஒரே ரவுட்டரின் இரண்டு பெயர்களில் போனும் டிவியும் தனித்தனியே இருந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும். சந்தேகம் இருந்தால் இரண்டையும் 2.4 பெயரில் சேர்த்துப் பாருங்கள். ரிபீட்டர் போட்டிருக்கும் வீடுகளில் சில ரிபீட்டர்கள் தனி நெட்வேர்க்கையே உண்டாக்கிவிடும். அங்கே இரண்டும் ரிபீட்டரிலோ இரண்டும் ரவுட்டரிலோ இருக்க வேண்டும்.

போனில் விபிஎன். விபிஎன் என்பது போனின் இணையத்தை வேறு வழியாகத் திருப்பிவிடும் ஆப். ஏதோ ஒன்றுக்காகப் போட்டு மறந்துபோனால், டிவியைத் தேடும் வழியை அது அடைத்துவிடும். மேலே சாவி அடையாளம் தெரிகிறதா பாருங்கள். நிறுத்துங்கள்.

அனுமதி. ஐபோனில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்கியூரிட்டி, லோக்கல் நெட்வேர்க் என்று போய் யூடியூப்புக்கு எதிரே உள்ளதை ஒன் செய்யுங்கள். முதல் நாள் கேட்டபோது "வேண்டாம்" என்று அழுத்தியவர்களுக்கு டிவி எந்நாளும் தெரியாது. புதிய ஆண்ட்ரொய்ட் போன்களில் ஆப்பின் அனுமதிகளில் "நியர்பை டிவைசஸ்" இருக்கும்.

கெஸ்ட் நெட்வேர்க், ஏபி ஐசொலேஷன். விருந்தினருக்கான வைஃபையில் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரவுட்டரே தடுக்கும். எல்ல, நுவரெலியா பக்கம் விருந்தினர் விடுதி நடத்துபவர்களுக்கு வரும் "கெஸ்ட் போன்ல டிவி வரல" முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.8.1 அல்லது 192.168.1.1. போனின் பிரவுசரில் அதைத் திறந்து, வைஃபை பகுதியில் ஐசொலேஷன் என்று உள்ளதை மட்டும் ஓஃப் செய்யுங்கள். அந்தப் பக்கத்தில் வேறு எதையும் தொட வேண்டாம். சிம் இணையத்தோடு சேரத் தேவையான ஏபிஎன் விவரம் மாறிவிட்டால் இணையமே நின்றுபோகும்.

டிவியின் காஸ்ட் சேவை உறைந்திருத்தல். கூகுள் டிவி, ஆண்ட்ரொய்ட் டிவிகளில் செட்டிங்ஸ், ஆப்ஸ், எல்லா ஆப்களும், சிஸ்டம் ஆப்களைக் காட்டு என்று போனால் "குரோம்காஸ்ட் பில்ட்-இன்" அல்லது "கூகுள் காஸ்ட்" என்று ஒன்று இருக்கும். அதை ஃபோர்ஸ் ஸ்டொப் செய்து, டேட்டாவை அழித்து, டிவியை நிறுத்திப் போடுங்கள். இடம் நிரம்பிய டிவிகளில் இது அடிக்கடி உறையும். பாவிக்காத ஆப்களை அழித்து இடம் விடுங்கள்.

டிவியே அந்த வகை இல்லை. கடையில் "ஆண்ட்ரொய்ட் டிவி" என்று சொல்லித் தவணைக்குக் கொடுக்கும் பெயர் தெரியாத டிவிகள் சிலவற்றில் இருப்பது கூகுளின் அங்கீகாரம் பெற்ற ஆண்ட்ரொய்ட் டிவி அல்ல, வெறும் ஆண்ட்ரொய்ட். அவற்றில் கூகுள் காஸ்ட் இருக்காது. எந்த செட்டிங்கைத் தட்டினாலும் வராது. டிவியில் ஈஷெயார் என்றோ மிராகாஸ்ட் என்றோ ஓர் ஆப் இருக்கிறதா தேடுங்கள். ஈஷெயாரைத் திறந்தால் கியூஆர் கோட் வரும், போனில் அதை ஸ்கேன் செய்து அதன் ஆப்பைப் போட்டால் வேலை நடக்கும்.

இதற்கெல்லாம் ஆள் கூப்பிடத் தேவையில்லை. டிவியில் யூடியூப் தானாக ஓடுகிறது, இரண்டு வேறு கம்பனிப் போன்களிலும் பெயர் வரவில்லை என்றால், டிவியின் மென்பொருளை அப்டேட் செய்து, அதன் பிறகும் வராவிட்டால்தான் ஃபெக்டரி ரீசெட்.

### மிரரில் பெயர் வரவில்லை

ஐபோனில் மிராகாஸ்ட் கிடையாது. ஏர்பிளே உள்ள டிவி வேண்டும். சாம்சங்கில் 2018க்குப் பிந்திய மொடல்கள் பலவற்றில் உண்டு, எல்ஜி, சோனியின் 2019க்குப் பிந்திய மொடல்கள் பலவற்றிலும் உண்டு. ஏர்பிளேக்குப் போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருப்பது நல்லது. கூகுள் பிக்ஸல் போன்களிலும் மிராகாஸ்ட் இல்லை, கூகுள் காஸ்ட் மட்டுமே.

மற்றப் போன்களில் முதலில் ஹொட்ஸ்பொட்டை நிறுத்துங்கள். பல போன்களில் அது ஓடும்போது மிரர் தேடாது. வைஃபையும் லொகேஷனும் ஒன் ஆக இருக்கட்டும். பழைய எல்ஜி, சோனி டிவிகளில் ஸ்கிரீன் ஷெயார் அல்லது ஸ்கிரீன் மிரரிங் பக்கத்தை ரிமோட்டால் திறந்துவைத்தால்தான் பெயர் போனுக்குத் தெரியும். எச்டிஎம்ஐயில் செருகும் குரோம்காஸ்ட்டுக்கு மிராகாஸ்ட் தெரியாது. அதற்குக் கூகுள் ஹோம் ஆப்பிலிருந்து "காஸ்ட் மை ஸ்கிரீன்" கொடுக்க வேண்டும்.

### பக்கத்து வீட்டு டிவிதான் வருகிறது

மூன்று வீடு சேர்ந்து ஒரு ரவுட்டர் வைத்திருக்கும் இடங்களில் பட்டியலில் "லிவிங் ரூம் டிவி" என்று மூன்று வரும். தெரியாமல் அழுத்தினால் நீங்கள் பார்ப்பது அடுத்த வீட்டு அம்மா பார்க்கும் நாடகத்தின் நடுவே போய் நிற்கும். டிவியின் செட்டிங்ஸில் டிவைஸ் பெயரை மாற்றி வீட்டுப் பெயரை வைத்துவிடுங்கள். சாம்சங் டிவியில் டிவைஸ் கனெக்ட் மனேஜருக்குப் போய் "ஒவ்வொரு முறையும் கேள்" என்று வைத்தால் கேட்காமல் யாரும் மிரர் செய்ய முடியாது.

## பெயர் வருகிறது, இணைய மறுக்கிறது

"கனெக்டிங்" என்று சுற்றிக்கொண்டே இருந்தால் போனைப் பார்க்காதீர்கள், டிவித் திரையைப் பாருங்கள். "அனுமதிக்கவா?" என்று சிறு பெட்டி சில விநாடிகள் மட்டும் நின்று மறையும். எச்டிஎம்ஐ 1இல் செட்டொப் பொக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைக் கவனிக்காமல் விடுவது சகஜம். முன்பு தவறி "மறு" என்று அழுத்தியிருந்தால் டிவி அந்தப் போனைத் தடுத்து வைத்திருக்கும். டிவைஸ் பட்டியலில் போய்த் தடையை எடுங்கள்.

அடுத்தது நேரம். கரண்ட் போய் வந்தபின் சில டிவிகள் பழைய ஏதோ ஓர் ஆண்டுக்குப் போய்விடும். நேரம் பிழையென்றால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது, யூடியூப்பும் காஸ்ட்டும் "இணையம் இல்லை" என்று பொய் சொல்லும். திகதியைத் தானியங்கியில் வைத்து, நேர வலயம் கொழும்பு, அதாவது ஜிஎம்டி +5:30 என்று இருக்கிறதா பாருங்கள். தானியங்கி பிடிக்கவில்லை என்றால் கையால் போட்டு வையுங்கள்.

டிவி வைஃபையிலேயே சேர மறுத்தால், ரவுட்டரில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று இருக்கலாம். பழைய டிவிகளுக்கு அது தெரியாது. டபிள்யூபிஏ2 ஆக்குங்கள்.

மிரரில் இந்தச் சிக்கல் வந்தால் போனிலும் டிவியிலும் பழைய இணைப்புப் பதிவுகளை அழித்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். புளூடூத்தையும் நிறுத்திப் பாருங்கள்.

ஃபெக்டரி ரீசெட்டை அவசரப்பட்டு அழுத்த வேண்டாம் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2025 மார்ச் 9 அன்று இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட்கள் உலகம் முழுக்க நின்றன. உள்ளே இருந்த சான்றிதழ் காலாவதியானதுதான் காரணம். ரீசெட் செய்யாதீர்கள் என்று கூகுளே அறிவித்தது. பொறுத்தவர்களுக்கு அப்டேட் வந்து தானாகச் சரியானது. ரீசெட் செய்தவர்கள்தான் மறுபடி அமைக்க முடியாமல் கூடுதலாக அல்லாடினார்கள். ஒரே கருவி பல வீடுகளில் ஒரே நாளில் நின்றால் கோளாறு உங்கள் வீட்டில் இல்லை.

## ரவுட்டர் இல்லை, போன் ஹொட்ஸ்பொட்தான்

ஹொட்ஸ்பொட் கொடுக்கும் போனிலிருந்தே காஸ்ட் செய்வது சில போன்களில் நடக்கும், பலவற்றில் டிவி பெயர் வராது. வீட்டில் இன்னொரு போன் இருந்தால் முதல் போன் ஹொட்ஸ்பொட், டிவியும் இரண்டாவது போனும் அதில் சேரட்டும், காஸ்ட் இரண்டாவதிலிருந்து. இரண்டாவது போனில் சிம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஒரே போன்தான் என்றால் யூடியூப்புக்கு மட்டும் வேறு வழி உண்டு. டிவியில் யூடியூப் செட்டிங்ஸில் "டிவி கோட் மூலம் இணை" என்பதைத் திறந்தால் எண் வரும். போனின் யூடியூப் செட்டிங்ஸில் "வொட்ச் ஒன் டிவி" போய் அந்த எண்ணைப் போடுங்கள். இதற்குப் போனும் டிவியும் ஒரே நெட்வேர்க்கில் இருக்கவே தேவையில்லை. டிவிக்கு எப்படியாவது இணையம் இருந்தால் போதும். பெயர் தேடும் சிக்கல் தீராத வீடுகளில் இதையே நிரந்தர வழியாக வைத்துக்கொள்ளலாம்.

டிவி ஹொட்ஸ்பொட்டைக் காணவே இல்லையா? ஹொட்ஸ்பொட்டின் பேண்டை 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். ஐபோனில் "மெக்ஸிமைஸ் கொம்பட்டிபிலிட்டி" என்பதை ஒன் செய்தால் அதுவே நடக்கும். ஹொட்ஸ்பொட் பெயரில் தமிழ் எழுத்து, பூப்படம், மேற்கோள் குறி இருந்தால் சில டிவிகள் திணறும். ஆங்கில எழுத்தும் எண்ணுமாக எளிதாக வையுங்கள். சும்மா இருந்தால் ஹொட்ஸ்பொட் தானாக அணையும் நேரக்கட்டுப்பாட்டையும் எடுத்துவிடுங்கள்.

பேக்கேஜைப் பார்க்க மறக்க வேண்டாம். குறிப்பிட்ட ஆப்புக்கென்று தரும் டேட்டா சில பேக்கேஜ்களில் ஹொட்ஸ்பொட் வழியாகப் போனால் கணக்கில் சேராது, பொதுவான டேட்டாவோ மீதிக்காசோ கரையும். 1080பி தரத்தில் விநாடிக்கு 5 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 2 ஜிபிக்கு மேல் போகும். 720பியில் 1 ஜிபிக்குச் சற்று மேல், 480பியில் அரை ஜிபி. 32 அங்குல டிவிக்கு 720பி தாராளம். தரத்தை டிவியின் ரிமோட்டால் யூடியூப்பின் பற்சக்கரத்தில் குறையுங்கள்.

போனில் ஏற்கெனவே இருக்கும் கல்யாண வீடியோ, கோயில் திருவிழா வீடியோ பார்க்க என்றால் இந்தப் பாடே வேண்டாம். மிரர் செய்தால் டேட்டா போகாது. அதைவிட நல்லது பென் டிரைவ். ஃபேட்32 முறையில் ஃபோர்மட் செய்த பென் டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

## படம் நின்று நின்று வருகிறது

மலைநாட்டில் அதிகம் வருவது இந்த முறைப்பாடுதான், தேவையில்லாமல் அதிகம் செலவழிக்கப்படுவதும் இதற்குத்தான். முதலில் தடை எங்கே என்று பிரித்துப் பாருங்கள்.

போனை ஓரமாக வைத்துவிட்டு, டிவியின் யூடியூப்பிலேயே ரிமோட்டால் அதே வீடியோவை ஓட்டுங்கள். சரளமாக ஓடினால் இணையம் நல்லது, மிரரில்தான் பிரச்சினை. அங்கேயும் நின்றால் போனைத் தொட்டுப் பயனில்லை.

அப்படி நின்றால், மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு வைஃபையில் மட்டும் ஒரு வேகச் சோதனையை ரவுட்டருக்குப் பக்கத்திலும், இன்னொன்றை டிவிக்குப் பக்கத்திலும் செய்யுங்கள். யூடியூப் கேட்பது 720பிக்கு 2.5, 1080பிக்கு 5, 4கேக்கு 20 எம்பிபிஎஸ்.

### ரவுட்டர் பக்கத்தில் வேகம் நல்லது, டிவி பக்கத்தில் இல்லை

வீட்டுக்குள் வைஃபை போகவில்லை. பழைய லயங்கள், தோட்டத்து பங்களாக்கள் ஆகியவற்றின் கருங்கல் சுவர் ஒன்றே போதும், 5 கிகாஹெர்ட்ஸ் அதைக் கடக்கத் திணறும். 2.4க்கு மாறுங்கள். ரவுட்டரை டிவிக்குப் பின்னாலேயே ஒளித்துவைப்பதும் கூடாது, டிவியின் உலோகத் தகடும் சுவர் பிராக்கெட்டும் மறைக்கும். இரும்பு அலுமாரிக்கு மேலும் வேண்டாம்.

லயத்தில் வரிசையாகப் பத்து ரவுட்டர் இருந்தால் 2.4இல் எல்லாம் ஒன்றையொன்று மிதிக்கும். போனில் ஒரு வைஃபை அனலைசர் ஆப்பைப் போட்டு 1, 6, 11 ஆகிய சனல்களில் எது காலியோ அதை ரவுட்டரில் தெரிவுசெய்யுங்கள். மூன்றைத் தவிர வேறு எண் வைக்க வேண்டாம், இரண்டு பக்கமும் இடிக்கும்.

இதற்கும் சரிவராவிட்டால் ரிபீட்டர் வாங்க ஓடாதீர்கள். டிவியின் பின்னால் லேன் துவாரம் இருந்தால் ரவுட்டரிலிருந்து ஒரு கேட்5இ வயர் இழுங்கள். 100 மீற்றர் வரை போகும். கூரைக்குக் கீழே கட்டையோரமாக அடித்துவிட்டால் பல வருடம் கேள்வியே இல்லை. போன் வைஃபையில் இருந்தாலும் காஸ்ட் வேலை செய்யும், ரவுட்டர் ஒன்றாக இருந்தால் போதும்.

### ரவுட்டர் பக்கத்திலேயே வேகம் இல்லை

ஃபைபர் வீடுகளில் லொஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் கம்பி அறுந்தோ மடங்கியோ இருக்கிறது. மரம் விழுந்தபின் இது வழமை. நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, சேவை நிறுவனத்துக்கு அறிவியுங்கள். ஃபைபர் முனையைக் கழற்றித் துடைக்கவும் வேண்டாம்.

4ஜி ரவுட்டர் என்றால் வேலை நிறைய உண்டு. முதலில் டேட்டா மீதியைப் பாருங்கள். பகல் டேட்டா முடிந்து இரவு டேட்டா மட்டும் மிஞ்சியிருப்பதும், அளவு தாண்டியதால் வேகம் குறைக்கப்பட்டிருப்பதும் சிக்னல் கோளாறு போலவே தெரியும்.

அடுத்தது இடம். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்), எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு தெளிவு) என்ற இரண்டு எண்களைத் தேடுங்கள். ஆர்எஸ்ஆர்பி -90 டிபிஎம்மை விட நல்லது என்றால், அதாவது -85, -80 என்றால், கவலையில்லை. -100க்குக் கீழே தடுமாறும், -110க்குக் கீழே வீடியோவை மறந்துவிடலாம். எஸ்ஐஎன்ஆர் 13க்கு மேலே நல்லது, பூச்சியத்துக்குக் கீழே என்றால் எத்தனை கட்டை சிக்னல் காட்டினாலும் ஓடாது. கட்டைகளை நம்பி ஏமாறுவது இங்கேதான்.

ரவுட்டரைச் சாமிப்பட அலமாரியிலிருந்து எடுத்து ஒவ்வொரு ஜன்னலிலும் வையுங்கள். வைத்தபின் இரண்டு நிமிடம் பொறுத்து எண்களை எழுதுங்கள். அதே இடத்தில் கால் திருப்பம் திருப்பி மறுபடி எழுதுங்கள். தகரக் கூரைக்கு மிக அருகில் வைத்தால் குறையும். டவர் இருக்கும் மலைப்பக்க ஜன்னல்தான் பெரும்பாலும் ஜெயிக்கும். நடுவே மலைமுகடு இருந்தால் எதிர்மலையில் பட்டுத் திரும்பும் சிக்னல் மற்றப் பக்க ஜன்னலில் நன்றாக இருக்கவும் கூடும், அதனால் ஊகிக்காமல் அளந்தே பாருங்கள்.

"மிஸ்ட் இறங்கினா நெட் போயிரும்" என்பார்கள். 4ஜி அலைகளைப் பனிமூட்டம் பொருட்படுத்தத்தக்க அளவில் குறைப்பதில்லை. மழைநாளில் மந்தமாவதற்குக் காரணம் வேறு: ஈரமான மரக்கூட்டம், கரண்ட் போய் டவர் பற்றரியில் ஓடுவது, எல்லாரும் வீட்டுக்குள் இருந்து ஒரே நேரத்தில் பார்ப்பது. டிஷ் அன்டனாவில் அடைமழைக்குப் படம் போவது உண்மை, அதன் அலைவரிசை வேறு. மாலை 7 மணிக்குப் பிறகு மட்டும் திக்கினால் அது நெரிசல். காலையில் அதே சோதனை நன்றாக வந்தால் வீட்டில் எதை மாற்றியும் பயனில்லை. தரத்தை 480பிக்கு இறக்குங்கள், அல்லது பின்னிரவு டேட்டாவில் போனில் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்டனா வாங்குமுன் ஒரு இலவசச் சோதனை: வேறு கம்பனி சிம் உள்ள ஒருவரின் போனை அதே ஜன்னலில் வைத்து வேகம் பாருங்கள். இரண்டு மடங்கு வந்தால் கம்பனியை மாற்றுவதே மலிவு. கம்பனி கொடுத்த ரவுட்டர் பெரும்பாலும் அந்தக் கம்பனிக்கே பூட்டப்பட்டிருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

எல்லாச் சிம்மும் ஒரே மாதிரி மோசம் என்றால்தான் வெளி அன்டனா. ரவுட்டரின் பின்னால் அன்டனா வயரைத் திருகிப் பூட்டும் எஸ்எம்ஏ துவாரம் இருக்க வேண்டும். திசை பார்த்து வைக்கும் வகையை வாங்கி, வயரை 10 மீற்றருக்குள் வையுங்கள், நீண்டால் அன்டனா கொடுத்த இலாபத்தை வயரே விழுங்கும். இங்கே தெரிந்த ஆளைக் கூப்பிடுவது நல்லது, கூரைமேல் நிற்கும் உலோகக் கம்பத்துக்கு எர்த் இல்லாவிட்டால் இடியை வீட்டுக்குள் அழைப்பதாகும். 2025 ஜூலை முதல் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையமும் இலங்கையில் கிடைக்கிறது. செலவு அதிகம், வானம் திறந்திருக்க வேண்டும். பள்ளத்தில், சுற்றிலும் உயர்ந்த யூக்கலிப்டஸ் நிற்கும் வீட்டுக்கு வாங்குமுன் அதன் ஆப்பில் தடை பார்க்கும் சோதனையைச் செய்யுங்கள்.

### டிவியில் நன்றாக ஓடுகிறது, மிரரில்தான் திக்குகிறது

பற்றரி சேவரை எடுங்கள், புளூடூத்தை நிறுத்துங்கள், போனைக் கவரிலிருந்து கழற்றி டிவிக்கு மூன்று நான்கு மீற்றருக்குள் வையுங்கள். சார்ஜ் போட்டுக்கொண்டே மிரர் செய்தால் போன் சூடாகித் தானே வேகத்தைக் குறைக்கும். கொஞ்சம் தாமதம் மிரரின் இயல்பு, அதைச் சரிசெய்ய முடியாது. யூடியூப்பை மிரர் செய்யாமல் காஸ்ட் செய்யுங்கள்.

## சத்தம் வருகிறது, படம் கறுப்பு

பெரும்பாலும் இது கோளாறு அல்ல, காப்புரிமைத் தடை. நெட்ஃபிளிக்ஸ் போன்ற கட்டண ஆப்கள் மிரரில் வேண்டுமென்றே கறுப்பைக் காட்டும். நெட்ஃபிளிக்ஸ் ஏர்பிளேயை 2019இலேயே எடுத்துவிட்டது. 2025 இறுதியில் ரிமோட்டோடு வரும் பெரும்பாலான டிவிகளுக்குப் போனிலிருந்து காஸ்ட் செய்வதையும் நிறுத்திவிட்டது. டிவியில் உள்ள நெட்ஃபிளிக்ஸ் ஆப்பிலேயே நுழைந்து பாருங்கள். டிவிக்கு அந்த ஆப் இல்லை என்றால் எச்டிஎம்ஐயில் செருகும், அங்கீகாரம் பெற்ற ஒரு டிவி ஸ்டிக்தான் வழி.

எல்லா வீடியோவிலும் கறுப்பு என்றால் டிவியின் பின்விளக்கு போயிருக்கலாம். அறையை இருட்டாக்கி, டோர்ச்சைத் திரைக்கு ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்விளக்குத்தான். அது ரிப்பயர் கடை வேலை.

## படம் வருகிறது, சத்தம் இல்லை

போன் புளூடூத் ஹெட்செட்டோடு இணைந்திருக்கிறதா? காஸ்ட்டின் சத்தம் போனின் வொலியூம் பொத்தானில் தனியாக ஏறி இறங்கும், அது பூச்சியத்தில் கிடக்கலாம். டிவியின் சவுண்ட் அவுட்புட், இப்போது இணைத்திராத ஒரு சவுண்ட்பாருக்கு என்று வைக்கப்பட்டிருக்கலாம். பென் டிரைவில் போட்ட படத்தில் மட்டும் சத்தமில்லை என்றால் அதன் ஒலி டிவி வாசிக்காத டிடிஎஸ் வகையாக இருக்கலாம். டிவியில் விஎல்சி பிளேயர் போட முடிந்தால் அதில் ஓட்டுங்கள்.

## கொஞ்ச நேரம் ஓடித் துண்டிக்கிறது

ஷாவோமி, விவோ, ஒப்போ, ரியல்மி போன்கள் திரை அணைந்ததும் ஆப்களைக் கொன்றுவிடும். யூடியூப்புக்கும் கூகுள் ஹோமுக்கும் பற்றரிக் கட்டுப்பாட்டை "கட்டுப்பாடில்லை" என்று வையுங்கள். வைஃபை மந்தமானால் டேட்டாவுக்குத் தாவும் வசதியையும் நிறுத்துங்கள்.

டிவி ஸ்டிக் பாவிப்பவர்கள் அதன் மின்சாரத்தை டிவியின் யூஎஸ்பியிலிருந்து எடுக்க வேண்டாம். பல டிவிகளின் யூஎஸ்பி 0.5 அம்பியர்தான் தரும். ஸ்டிக் பாதியில் அணைந்து எழும். அதோடு வந்த அடப்டரையே சுவரில் செருகுங்கள்.

கரண்ட் ஒரு கணம் மினுங்கும்போதெல்லாம் ரவுட்டர் அணைந்து எழுகிறதா? மினி யூபிஎஸ் ஒன்று தீர்க்கும். வாங்கும்போது ரவுட்டர் அடப்டரில் எழுதியுள்ள வோல்ட்டும் அம்பியரும், உதாரணமாக 12 வோல்ட் 1 அம்பியர், பார்த்தே வாங்குங்கள். வோல்ட் சரியாக அதே எண்ணாக இருக்க வேண்டும், அம்பியர் கூடலாம், குறையக் கூடாது. 5 வோல்ட் ரவுட்டருக்கு 12ஐக் கொடுத்தால் அன்றோடு முடிந்தது. மாலையானால் வீட்டு பல்பே மங்கி மங்கி எரிகிறதென்றால் அது லைன் பிரச்சினை, மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

## படம் நடுவில் ஒல்லியாக நிற்கிறது

போனில் ஓட்டோ ரொட்டேட்டை ஒன் செய்து போனைப் படுக்கையாகத் திருப்புங்கள். ஓரம் வெட்டுப்பட்டால் டிவியின் பிக்சர் சைஸில் "ஃபிட் டு ஸ்கிரீன்" அல்லது "ஜஸ்ட் ஸ்கேன்".

## இடி மின்னலுக்குப் பிறகு எதுவும் இணையவில்லை

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிக்கு இந்த முறைப்பாடு குவியும். எதில் அடி என்று வரிசையாகப் பாருங்கள்.

ரவுட்டரில் விளக்கே இல்லையா? அதே வோல்ட்டில் வேறு அடப்டர் போட்டுப் பாருங்கள். பல தடவை அடப்டர்தான் போயிருக்கும், அது மலிவு. விளக்கு எரிகிறது, ஆனால் போனிலும் இணையம் வரவில்லை என்றால் ரவுட்டர் அல்லது லைன்.

போனில் எல்லாம் சரி, டிவி மட்டும் எந்த வைஃபையையும் காணவில்லையா? பிளக்கைக் கழற்றி பத்து நிமிடம் விட்டுப் போடுங்கள். டிவியின் நெட்வேர்க் விவரத்தில் மெக் முகவரியை, அதாவது வைஃபை மொடியூலின் அடையாள எண்ணை, பாருங்கள். முழுக்கப் பூச்சியமாக இருந்தாலோ, வைஃபை பொத்தான் சாம்பல் நிறமாகி அழுத்த முடியாமல் இருந்தாலோ உள்ளே இருக்கும் வைஃபை மொடியூல் செத்திருக்கிறது அல்லது அதன் இணைப்பு கழன்றிருக்கிறது. லேன் வயர் போட்டால் இணையம் வருகிறதா பாருங்கள். வந்தால் அப்படியே காஸ்ட் பண்ணிக்கொண்டு காலத்தை ஓட்டலாம். லேனும் இல்லையென்றால், மொடியூலை மாற்றுவதா எச்டிஎம்ஐயில் ஒரு டிவி ஸ்டிக் போடுவதா என்று விலை கேட்டு ஒப்பிடுங்கள். பழைய டிவிக்கு ஸ்டிக்கே புத்திசாலித்தனம், மென்பொருளும் புதியதாகக் கிடைக்கும்.

டிவியே எழவில்லை, சிவப்பு விளக்கு மினுங்குகிறது, கருகிய வாடை வருகிறது என்றால் மேலே ஒன்றும் செய்யாதீர்கள். பின்மூடியைத் திறக்கவும் வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் பவர் போர்டின் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். திறந்த டிவிக்கு வொரண்டியும் கிடைக்காது.

இனி வராமல் பார்க்க ஒரே நம்பகமான வழி, இடி கேட்கத் தொடங்கியதும் பிளக்கைக் கழற்றுவது. டிவி, ரவுட்டர், டிஷ் வயர், வெளி அன்டனா வயர், செப்புத் தொலைபேசி வயர் எல்லாவற்றையும். ஃபைபர் கம்பி மின்னலைக் கடத்தாது, ஆனால் அந்தப் பெட்டியின் அடப்டர் கடத்தும். எர்த் வயர் இல்லாத பழைய லய வயரிங்கில் சர்ஜ் புரொடெக்டர் கிட்டத்தட்ட வெறும் எக்ஸ்டென்ஷன்தான். அதை வாங்கும் காசில் முதலில் மின்னியலாளர் ஒருவரைக் கூப்பிட்டு எர்த் இருக்கிறதா அளந்து பாருங்கள்.

கடைக்கு எடுத்துப்போவது என்று முடிவானால் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மொடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்து முதலில் போனில் அனுப்பிப் பாகம் இருக்கிறதா கேளுங்கள். பில்லும் வொரண்டி அட்டையும், ரிமோட்டும் கூடப் போகட்டும். ஆட்டோவில் டிவியைப் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி, திரைப்பக்கம் சீற்றின் முதுகைப் பார்த்திருக்க, நடுவில் போர்வை வைத்து ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். தோட்டத்து ரோட்டில் படுக்க வைத்துக் கொண்டுபோனால் வைஃபைக்குப் போன டிவி பேனல் உடைந்து வந்து சேரும்.